சூடான வசந்தம்

அந்த அறிவித்தலை நான் பார்த்தது ஒரு பலசரக்குக் கடைச் சுவரில். புத்தளத்திலிருந்து மன்னார்ப் பக்கம் போகும் பாதையில், கரைத்தீவைத் தாண்டி, கடல்நீர்க் களப்புக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிற குடியிருப்பு அது. மேலே சிங்களத்தில் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். நடுவில் ஆங்கிலம். கீழே தமிழ் என்று ஒன்று இருந்தது.

“சூடான வசந்தம் முன்னேற்றம் செய்தல் பற்றி பொது செவிப்புலன் நடைபெறும்.”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் நீரூற்றுக்கும் வசந்த காலத்துக்கும் ஒரே சொல். மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கும் காது கேட்பதற்கும்கூட அங்கே ஒரே சொல்தான். யாரோ ஒருவர் ஆங்கிலத்தை எடுத்து இயந்திரத்துக்குள் போட்டு, வந்து விழுந்ததை அப்படியே அச்சடித்து, கீழே முத்திரையும் குத்தியிருக்கிறார். வெந்நீர் ஊற்று சூடான வசந்தமாகிவிட்டது. பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம் பொதுச் செவிப்புலன் ஆகிவிட்டது.

என் தொழில் மொழிபெயர்ப்பு. முன்னேஸ்வரத்தில் வீடு, சிலாபம் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சின்ன அறை. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று தமிழைச் சிங்களமாக்கியும் சிங்களத்தைத் தமிழாக்கியும் கொடுக்கிறேன். தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பிள்ளையின் கடவுச்சீட்டு நின்றுபோகும் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்து வாசிப்பேன். குடியிருப்பில் இருக்கிற அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய தண்ணீரைப் பற்றிய அறிவித்தல். அதில் அவர்களுக்கென்று எழுதிய பகுதிதான் ஒருவருக்கும் விளங்காத பகுதி.

“தமிழில என்ன அக்கா போட்டிருக்கு?” என்று பக்கத்தில் நின்ற மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

நான் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

மிஸ் என்று நான் கூப்பிட்டது ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளரை. சிங்களவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். பூமிக்கு அடியில் சூடாகி மேலே வருகிற தண்ணீரைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். தீவின் கிழக்குப் பக்கத்து வெந்நீர் ஊற்றுகளை எல்லோருக்கும் தெரியும். இந்த மேற்குக் கரையில், காட்டுக்குள், களப்பு நீர் எட்டாத ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் ஒன்று இருப்பதை அவருடைய மாணவன் ஒருவன் வந்து சொல்லியிருக்கிறான். அந்தத் தண்ணீரைப் பற்றி அங்கே குளிக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு ஒரு நாள் என் அறைக்கு வந்தார்.

“இதைத் தமிழில மாத்தித் தர ஏலுமா அக்கா? ஆனா, அவங்க கதைக்கிற தமிழில வேணும். என்ட மாணவன் எழுதினதை அவங்களுக்கு விளங்கவே இல்ல.”

இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என்னிடம் வருகிற எல்லோருக்கும் முத்திரை குத்திய தமிழ் இருந்தால் போதும். இவருக்கு விளங்குகிற தமிழ் வேண்டியிருந்தது. கேள்விகளை எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் நானும் கூடப் போகத் தொடங்கினேன்.

மிஸ் பிறந்தது தெற்கே, மழைக்காட்டு ஓரத்தில். சின்ன வயதில் அட்டை கடிக்காமல் பள்ளிக்கூடம் போன நாள் கிடையாதாம். இங்கே பாலை, வீரை மரங்களும் முள்ளுப் பற்றையுமாக இருந்த காட்டைப் பார்த்துவிட்டு, “இது தாகத்தோட நிக்கிற காடு அக்கா” என்றார். யானை நடமாட்டம் குறைந்து வெயில் ஏறிய பிறகுதான் நாங்கள் உள்ளே போவோம். ஓட்டோவில் ஐஸ் பெட்டி, போத்தல்கள், வயரோடு கூடிய வெப்பமானி. ஊற்றில் மெல்லிய ஆவி எழும்பும். ஓரத்துக் கல்லில் பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு பாசி படர்ந்திருக்கும். அந்தப் பாசியில் ஒருவரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். சூட்டில் வாழத் தெரிந்த மிகச் சின்ன உயிர்கள் அதில் இருக்கின்றனவாம். உலகத்தில் வேறெங்கே இருக்கின்றன என்று இன்னும் தெரியாதாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான்தான் ஒரு நாள் கேட்டேன்.

“இது இண்டைக்குப் பெய்த மழை இல்ல அக்கா. எங்கட பாட்டன் பூட்டனுக்கும் முந்தி எங்கேயோ உள்நாட்டுப் பக்கம் பெய்த மழை. கல்லுக்குள்ளால கீழே போய், ஆழத்தில சூடாகி, ஒரு வெடிப்பு கிடைச்ச இடத்தில மேலே வருது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். அவசரப்பட்டு இழுத்தா அதுக்குக் கீழே இருக்கிற உப்புத் தண்ணி ஏறிடும்.”

ஊற்றைப் பயன்படுத்தியவர்கள் போர்க் காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து இந்தப் பக்கம் குடியேறிய முஸ்லிம் மக்கள். அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. நண்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் பெண்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள். யாரும் பலகை வைக்கவில்லை, காவல் போடவில்லை. களப்பில் நண்டு பிடித்துக் கை கால் கிழிந்தவர்கள் அதில் ஊறிவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு நாற்பது நாள் குளிப்புக்கு அந்தத் தண்ணீரைக் கேனில் அள்ளிப் போவார்கள்.

எங்களோடு அதிகம் கதைத்தவர் ஒரு ராத்தா; அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர். அவருடைய புருஷனுக்கு ஒரு காது கேட்காது. அறிவித்தலைப் பார்த்த அன்று அவர் வீட்டுக்குத்தான் போனோம். பிளேன்டீ தந்துகொண்டே கேட்டார்:

“காது பாக்கிற டொக்டர்மார் வாராங்களாமே தங்கச்சி? கடையில கதைச்சாங்க. இவருக்கு வலக்காது சுத்தமாக் கேக்காது. கூட்டிட்டுப் போகட்டா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. விஷயத்தைச் சொன்னேன். ஒரு கம்பெனி அந்த ஊற்றைச் சுற்றி வேலி போட்டு, பக்கத்திலேயே ஆழக் குழாய்க் கிணறு தோண்டி, வெந்நீர்த் தடாகங்களோடு உல்லாச விடுதி கட்டப்போகிறது. அதற்கு ஊர்ச் சம்மதம் கேட்கிற கூட்டம்தான் அது.

ராத்தா பிளேன்டீத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, “அப்ப நாங்க எங்க குளிக்கிற?” என்று கேட்டார்.

திட்டத்தைப் பற்றிய கம்பெனியின் அறிக்கை பிரதேச செயலக அலுவலகத்தில் இருந்தது. யாரும் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தோம். தடித்த புத்தகம், முழுக்க ஆங்கிலம். சுருக்கம் மட்டும் சிங்களத்தில். தமிழ்ப் பிரதி எங்கே என்று கேட்டேன். “பிறகு வரும்” என்றார் மேசையில் இருந்தவர். பிறகு என்றால் எப்போது? கூட்டத்துக்குப் பிறகு. எதற்குச் சம்மதம் கேட்கிறோம் என்று சொல்வதற்கு முன்பே சம்மதத்தைக் கேட்டுவிடுவார்கள். மிஸ் அந்தப் புத்தகத்தை நின்றுகொண்டே புரட்டினார். ஊற்றின் சூட்டை ஒரே ஒரு தரம், அதுவும் மாரி மழை நேரத்தில், அளந்துவிட்டு முடிவு எழுதியிருந்தார்கள். அங்கே மக்கள் குளிக்கிறார்கள் என்ற வரியே அதில் இல்லை. “பயன்பாடற்ற நீர்நிலை” என்று இருந்தது.

“பயன்பாடற்ற” என்ற அந்தச் சொல்லை வீடு திரும்பும் பஸ்ஸில் நான் எத்தனை தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேனோ தெரியாது.

கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மேடைக்குக் கீழே முன்வரிசையில் மெத்தை போட்ட கதிரைகள். அதில் கம்பெனி ஆட்கள். பின்னால் பிளாஸ்டிக் கதிரைகளில் ஊர் ஆண்கள். கதிரை போதாமல் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ராத்தா தன் புருஷனையும் கூட்டிவந்திருந்தார். நான் விளக்கிச் சொல்லியும் அந்த மனிதர் நம்பவில்லை. வெள்ளைச் சேட் போட்டு, சாரத்தைச் சீராகக் கட்டி, ஆஸ்பத்திரியில் தந்த பழைய கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்தபடி வந்திருந்தார். அவரைப் போல இன்னும் சிலர்.

தலைமை தாங்க வந்த அதிகாரி சிங்களத்தில் தொடங்கினார். முடிக்கவே இல்லை. அபிவிருத்தி, வேலைவாய்ப்பு, வெளிநாட்டுப் பணம். பின்னால் இருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இளம் பையன்கள் சிலருக்குச் சிங்களம் விளங்கும். மற்றவர்களுக்குச் சந்தைக்குப் போதுமான சிங்களம்தான்.

மிஸ் எழுந்து நின்றார். “சேர், மன்னிக்கணும். தமிழில சொல்ல ஒருவரும் இல்லையா?”

அதிகாரி சுற்றிப் பார்த்தார். “மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டிருந்தம். வரல்ல.”

“இந்த அக்கா சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்” என்று மிஸ் என்னைக் காட்டினார்.

அதிகாரிக்கு விருப்பமில்லை. ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. “சரி, வாங்க. சுருக்கமாச் சொல்லுங்க. நேரம் போகுது” என்றார்.

நான் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையில் ஒலிவாங்கியைத் தந்தார்கள். அவர் பேசியதை நினைவில் இருந்த அளவு முழுதாகச் சொன்னேன். “சுருக்கமா, சுருக்கமா” என்று அவர் இரண்டு தரம் முணுமுணுத்தார். பிறகு கம்பெனிக்காரர் ஒருவர் திரையில் படங்கள் காட்டினார். நீலத் தடாகம், ஓலைக் கூரை, தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்கிற வெள்ளைக்காரப் பெண்கள். எங்கள் ஊற்று அந்தப் படங்கள் எதிலும் இல்லை. அதையும் மொழிபெயர்த்தேன்.

மிஸ்ஸின் முறை வந்தது. பக்கத்தில் குழாய்க் கிணறு அடித்தால் ஊற்றின் அழுத்தம் குறையும், ஊர்க் கிணறுகள் உப்பாகும் என்று சொல்லத் தொடங்கினார். தன்னிடம் ஒரு வருஷத்துக்கு மேலான அளவுகள் இருக்கின்றன என்றார். அதிகாரி இடையில் கையைக் காட்டினார்.

“மெடம், பல்கலைக்கழகப் பாடத்தை இங்க நடத்தாதீங்க. இவங்களுக்கு விளங்காது.”

அதையும் மொழிபெயர்த்தேன். பின்னால் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் எதையும் விடாமல் சொல்வேன் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

அப்போதுதான் ராத்தாவின் புருஷன் எழும்பி, கிளினிக் கொப்பியை உயர்த்திப் பிடித்தபடி, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் கேட்டார்: “டொக்டர் எத்தின மணிக்கு வருவாரு?”

முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன கேட்கிறார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த கம்பெனிக்காரர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னார். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், மற்ற எல்லாவற்றையும் சொன்ன அதே குரலில் தமிழில் சொன்னேன்:

“சேர் இப்ப சொன்னது: ‘காது காட்ட வந்திருக்கான். இவனுகளோட என்ன கதை? சாக்கோட வந்து இறங்கின ஆக்கள் இப்ப தண்ணிக்கு உரிமை கேக்கிறாங்க. ரெண்டு தெரு லைட் போட்டுக் குடுத்தா எல்லாம் அடங்கிடும்.’”

பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

“சாக்கோடு வந்து இறங்கின ஆக்கள்” என்று என் வாயால் சொன்னபோது எனக்கு நாக்குக் கூசியது. அவர்களைச் சாக்கோடு அனுப்பியவர்கள் சிங்களம் பேசியவர்கள் இல்லை. என் மொழியைப் பேசிய இயக்கக்காரர்கள். வீட்டையும் வள்ளத்தையும் விட்டுவிட்டுப் போ என்று தமிழில்தான் சொன்னார்கள். அந்த மக்கள் முன்னால் அதே தமிழில் இந்தச் சொல்லையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது.

சுவரோரத்தில் நின்ற ராத்தா முன்னால் வந்தார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் நடுங்கவில்லை.

“ஓம் சேர். சாக்கோடதான் வந்தம். அதுவும் எல்லாரிட்டயும் இருக்கல்ல. வந்த அண்டைக்கு எங்களுக்குக் குடிக்கத் தண்ணி தந்தது இந்த ஊர்ச் சனம். சிங்கள ஆக்களும் தந்தாங்க. அவங்க யாரும் எங்களச் சாக்கு எண்டு சொல்லல்ல. எங்கட புள்ளைகள் இங்கதான் பொறந்த. பேரப்புள்ளைகளும் இங்கதான். மூணு மகள்மாருக்கும் அந்தத் தண்ணியிலதான் நாப்பது குளிப்பு வாத்தேன். நாளைக்கு வேலியப் போட்டுட்டு, டிக்கட் எடுத்துட்டு வா எண்டுவீங்களா? லைட் போடுறதெண்டா போடுங்க. அது உங்கட கடமை. அதுக்கு விலையாத் தண்ணியக் கேக்காதீங்க.”

நான் அதை ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சிங்களத்தில் சொல்லும்போதுதான் என் குரல் உடைந்தது.

அதிகாரி எழும்பினார். முகம் சிவந்திருந்தது. “யார் உங்களை அதைச் சொல்லச் சொன்னது?”

“சேர் கதைக்கிறதை மொழிபெயர்க்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க.”

“அது கூட்டத்துக்குச் சொன்னது இல்ல!”

“கூட்டத்தில சொன்னதுதானே சேர்.”

பின்னால் பையன்கள் எழும்பிவிட்டார்கள். யாரோ கதிரையைத் தள்ளினார்கள். பள்ளிவாசல் பெரியவர்கள் சிலர் அவர்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தமிழ் அறிக்கை இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது என்று பெரியவர் ஒருவர் அமைதியாகச் சொன்னார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ராத்தாவின் புருஷன் மட்டும் என்ன நடந்தது என்று தெரியாமல், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிவரை அதே கதிரையில் இருந்தார். ராத்தா போய் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினார்.

வெளியே வந்து ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மிஸ் பாண் துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க நல்லது செஞ்சீங்களா கெட்டது செஞ்சீங்களா எண்டு எனக்குத் தெரியல்ல அக்கா.”

“எனக்கும் தெரியல்ல மிஸ்.”

“ஆனா அவர் அதைச் சொன்னார்.”

“சொன்னார்.”

அவருக்கு அடுத்த கிழமையே மேலிடத்திலிருந்து கூப்பிட்டுப் பேசினார்கள். அறிவியல் வேலைக்குப் போன இடத்தில் சனத்தைத் தூண்டிவிட்டார் என்று புகார். காட்டுக்குள் மாதிரி எடுக்கும் அனுமதி புதுப்பிக்கப்படாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னை அரசாங்க வேலைகளுக்குக் கூப்பிடுவது நின்றது. யாரும் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை, அவ்வளவுதான். சனத்தை இழிவாகப் பேசினவருக்கு ஒன்றும் நடக்கவில்லை; அதைத் திருப்பிச் சொன்னவளுக்குத்தான் வேலை போனது.

தமிழ் அறிக்கை வரும் வரைக்கும் ஒன்றும் நடக்காது என்றுதான் நம்பியிருந்தோம். ஒரு நாள் காலையில் ராத்தா தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, தண்ணி ஆறிப்போச்சு.”

எனக்கு முதலில் தேத்தண்ணி என்று கேட்டது. “என்ன ராத்தா?”

“சுடுதண்ணி. வெதுவெதுப்பாத்தான் வருது. பள்ளிவாசல் கிணத்துத் தண்ணியும் கரிக்குது. காட்டுக்குள்ள மிசின் ஓடுற சத்தம் கேக்குது, ரெண்டு மூணு கிழமையா.”

மிஸ்ஸுக்குச் சொன்னேன். அனுமதி வந்திருக்கவில்லை. “வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டு வந்தார். போய்ப் பார்த்தால், ஊற்றுக்குப் பக்கத்திலேயே மரங்களை வெட்டிவிட்டு ஆழமாகக் குழாய் இறக்கி, தண்ணீரை இறைத்துக் காட்டுக்குள் திறந்துவிட்டிருந்தார்கள். அனுமதிக்கு முன்னமே. எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று பார்ப்பதற்காம், பரிசோதனையாம். அந்தப் பழைய மழை, மண்ணில் ஓடி, யானைத் தடத்தில் தேங்கி, வீணாகிக்கொண்டிருந்தது. ஊற்றின் ஓரத்தில் நீர் இறங்கி, கல்லில் பச்சையும் ஆரஞ்சுமாக இருந்த பாசி காய்ந்து, சாம்பல் நிறத்தில் பொருக்காக உரிந்திருந்தது. நாங்கள் யாரும் மிதிக்காமல் காத்த பாசி.

மிஸ் வெப்பமானியை இறக்கினார். பார்த்தார். மறுபடியும் இறக்கினார். பிறகு அங்கே நின்ற காவலாளியிடம் போய், “யார் சொல்லி இதைச் செய்தீங்க?” என்று கத்தினார். இப்படி அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. காவலாளி பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ சம்பளத்துக்கு வைத்த ஆள். மிஸ் அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார். ஐஸ் பெட்டியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஆனால் அவர் உட்கார்ந்தே இருக்கவில்லை. இறைப்பதற்கு முன்பிருந்த சூடு, இறைத்த பிறகு இருந்த சூடு, ஊர்க் கிணறுகளின் உப்பு எல்லாவற்றையும் ஒழுங்காக வரைந்து எடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகப் போய்ப் போய் அளந்தது அப்போதுதான் கைகொடுத்தது. முந்தி எப்படி இருந்தது என்று தெரியாமல் கெட்டுப்போனதை நிரூபிக்க முடியாது. முறைப்பாட்டை அவர் சிங்களத்தில் எழுதினார், நான் தமிழில் எழுதினேன். பள்ளிவாசல் பெரியவர்களும் ஊர்ப் பெண்களும் கையொப்பம் வைத்தார்கள். கொழும்பில் ஒரு சட்டத்தரணி காசு வாங்காமல் வந்தார். அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். வரச்சொன்ன நாளில் போனால் ஆள் இருக்காது. ஆள் இருக்கும் நாளில் எங்களை வரச்சொல்லியிருக்க மாட்டார்கள். ராத்தா ஒவ்வொரு தரமும் வந்தார். முழங்கால் வலியோடு படியேறி வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். “நான் வந்து இருந்தா அவங்களுக்கு முகம் பாக்க வெக்கமா இருக்கும்” என்பார்.

கடைசியில் இறைப்பதை நிறுத்தும்படி உத்தரவு வந்தது. குழாயை மூடச் சொன்னார்கள். கம்பெனி திட்டத்தைக் கைவிட்டதாகச் சொல்லவில்லை. “மீளாய்வில் இருக்கிறது” என்றார்கள். மாரி மழை வந்து போன பிறகு ஊற்று மெல்ல மெல்லச் சூடேறத் தொடங்கியது. ஆனால் பழைய சூடு வரவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் கால் நனைக்கிற ஒரு சின்னக் கசிவு இருந்தது, அது வற்றிப்போய்விட்டது. பள்ளிவாசல் கிணற்றின் உப்பும் முழுதாக இறங்கவில்லை. குடிக்கும் தண்ணீரை ஊர் இன்றைக்கும் பவுசர் வண்டியில் வாங்குகிறது. நாங்கள் வென்றோம் என்று சிலர் சொன்னார்கள். ராத்தாவின் வீட்டு முற்றத்தில் வரிசையாக நிற்கிற கேன்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

பாசி மட்டும் ஓர் ஓரத்தில் திரும்பத் தளிர்த்திருக்கிறது என்று மிஸ் சொன்னார். அதே உயிரா, வேறு ஒன்றா என்று இன்னும் பார்க்க வேண்டுமாம். அனுமதி அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மாதம் ஒரு முறை வருகிறார். முடிந்தபோது நானும் போகிறேன். அவருடைய தமிழ் இப்போது பரவாயில்லை. “ராத்தா, சுடுதண்ணி இண்டைக்கு எப்பிடி?” என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அண்மையில் ஒரு காலையில் மீன் வாங்க சிலாபம் சந்தைக்குப் போனேன். வழக்கமாக வாங்குகிற தட்டுக்கு முன்னால் ஒருவர் குனிந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே, நேத்தைய பாரையை இண்டைக்கு விக்கிறீங்களா? செவுளைக் காட்டுங்க பாப்பம். ஆ, இது பரவாயில்ல. இறால் என்ன விலை? அய்யோ, ஆளைப் பார்த்து விலை சொல்றீங்களே!”

சிலாபத்துத் தமிழ். ஒரு சொல் தடக்கவில்லை. குரல் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. நிமிர்ந்தபோது அந்த அதிகாரி.

என்னைக் கண்டுகொண்டார். சிரித்து, சிங்களத்தில், “ஆ, மொழிபெயர்ப்பு மிஸ்! சுகமா?” என்றார்.

அந்த மண்டபத்தில் ராத்தா பேசியது ஒவ்வொன்றும் இவருக்கு நேராகவே விளங்கியிருக்கிறது. கிளினிக் கொப்பியோடு எழும்பி நின்ற மனிதர் என்ன கேட்டார் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இவருக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அந்த அறிவித்தலை இவர் வாசித்திருக்கலாம். ஒரு நிமிஷத்தில் திருத்தியிருக்கலாம்.

“சேர் நல்லாத் தமிழ் கதைக்கிறீங்களே” என்றேன், தமிழில்.

“இங்க பிறந்து வளர்ந்தவன்தானே. அயல் முழுக்கத் தமிழ் ஆக்கள்” என்றார், சிங்களத்தில். “ஆனா இது மீன் வாங்கிற தமிழ் மிஸ். இதை வைச்சு அரசாங்க வேலை செய்ய ஏலாது.”

“அந்த ராத்தா கதைச்சதும் மீன் வாங்கிற தமிழ்தான் சேர்.”

அவர் மீன் தட்டின் பக்கம் திரும்பினார். இறாலை உரித்துத் தரச் சொன்னார், இந்த முறை மீன்காரரிடமும் சிங்களத்தில். பையை வாங்கிக்கொண்டு, எனக்குத் தலையை அசைத்துவிட்டு, வாகனம் நின்ற பக்கம் போனார். அவசரமே இல்லாத நடை.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று மீன்காரர் கேட்டார்.

என்ன வாங்க வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.